குழந்தைகளின் காய்ச்சலும் தாய்மார் அறிய வேண்டியவையும்

ஐந்து வயது நிறையாத குழந்தைகளுக்கு ஆண்டில் சில முறையேனும் காய்ச்சல் காண்பது இயல்பேயாகும். அவற்றுள் பெரும்பாலானவை இரண்டு மூன்று நாட்களில் தாமாகவே தணிந்துவிடுகின்றன. ஆனால் மிகச் சில காய்ச்சல்கள் ஓர் இரவுக்குள் உயிரைக் கொண்டுபோய்விடக் கூடியவை. முதல் வகைக்குத் தேவை பொறுமை. இரண்டாம் வகைக்குத் தேவை விரைவு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

இது தாய்மாருக்குரிய விஷயமாயிற்றே, பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் இதைப் படிப்பானேன் என்று சிலர் எண்ணலாம். குழந்தையைப் பேணுவது தாயின் கையில் இருக்கிறது என்பது மெய்யே. ஆனால் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா வேண்டாமா, எப்போது கொண்டுபோவது, எந்த வண்டியில், யார் பணத்தில் என்பவை பல வீடுகளில் தாயின் கையில் இல்லை. வயலுக்குச் சென்ற கணவர் திரும்ப வேண்டும். மாமியார் ஒப்ப வேண்டும். வண்டி கிடைக்க வேண்டும். இந்தக் காத்திருப்பிலேயே அரிய நேரம் கழிந்துபோகிறது. ஆகவே தாய் அறிந்திருப்பது மட்டும் போதாது; அவள் அறிந்தபடி நடக்க வீடும் ஊரும் இடங்கொடுக்க வேண்டும்.

காய்ச்சல் என்பது என்ன?

நெற்பயிர் மஞ்சளிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் நிறம் ஒரு நோயன்று. உள்ளே ஏதோ குறை இருக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. தழைச்சத்துக் குறைவாலும் மஞ்சளிக்கும், துத்தநாகக் குறைவாலும் மஞ்சளிக்கும், வயலில் நீர் தேங்கி நின்றாலும் மஞ்சளிக்கும், பூச்சியாலும் மஞ்சளிக்கும். அனுபவமுள்ள விவசாயி நிறத்தைக் கண்டவுடனே ஏதோ ஒரு மருந்தைத் தெளித்துவிடமாட்டார். தூரையும் வேரையும் பார்த்த பிறகே முடிவு செய்வார். காய்ச்சலும் இத்தகையதே. 1868ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் என்பவர், பல்லாயிரம் நோயாளிகளின் உடல் வெப்பத்தை அளந்து எழுதிய நூலின் பயனாக, காய்ச்சல் என்பது தனியொரு நோயன்று, நோயின் குறியே என்னும் உண்மை மருத்துவ உலகில் வேரூன்றியது.

நம் உடலின் வெப்பத்தை ஒரே நிலையில் வைத்திருக்க மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதாலமஸ் என்னும் சிறு பகுதி இருக்கிறது. நோய்க்கிருமிகள் உள்ளே புகுந்ததும், அவற்றை எதிர்க்கும் இரத்த அணுக்கள் சில பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளை உடல் வெப்பத்தின் வரம்பைச் சற்று உயர்த்திவிடுகிறது. அப்பொழுது குழந்தைக்குக் குளிரெடுக்கிறது. உடம்பு கொதித்தாலும் கைகால்கள் சில்லிட்டிருக்கின்றன. வரம்பு மீண்டும் இறங்கும்போது வியர்த்துக் கொட்டுகிறது. உயர்ந்த வெப்பம் கிருமிகளின் பெருக்கத்தைத் தடைசெய்து உடலின் எதிர்ப்புக்குத் துணைபுரிகிறது. எனவே காய்ச்சலைப் பகைவனாகக் கருதிவிடலாகாது. பகைவன் வந்திருப்பதை அறிவிக்கும் காவற்காரன் என்றே அதைக் கொள்ள வேண்டும்.

காய்ச்சல் கண்டு அஞ்சுவது கல்வியறிவு குறைந்தவர்களிடம் மட்டுமே உள்ள வழக்கம் என்று எண்ண வேண்டா. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பார்ட்டன் ஷ்மிட் என்னும் குழந்தை மருத்துவர் 81 பெற்றோர்களை விசாரித்தார். மிதமான காய்ச்சலே மூளையைக் கெடுத்துவிடும் என்று அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நம்பியிருந்தார்கள். இதற்கு அவர் 'காய்ச்சல் அச்சம்' என்று பெயரிட்டார். சாதாரணத் தொற்றுகளினால் வரும் காய்ச்சலின் வெப்பம் மட்டுமே மூளையைக் கெடுப்பதில்லை. மூளைக்காய்ச்சல் போன்ற நோய்களில் கேடு விளைவிப்பது அந்த நோயே. வெப்பம் குறைந்தால் நோய் தீர்ந்தது என்பதுமில்லை. வெப்பம் மிகுந்தால் ஆபத்து மிகுந்தது என்பதுமில்லை. வெப்பமானி காட்டும் எண்ணைக் காட்டிலும் குழந்தையின் நிலையே முக்கியம். இதனை இப்பாடத்தின் முதல் விதியாகக் கொள்ளலாம்.

தொட்டுப் பார்ப்பதும் அளந்து பார்ப்பதும்

தாயின் புறங்கை நல்ல கருவியே. "காய்ச்சல் இல்லை" என்று ஒரு தாய் சொன்னால் பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். "காய்ச்சல் இருக்கிறது" என்று சொல்லும்போது அது சில சமயம் தவறிவிடுகிறது. வெயிலில் கிடந்த குழந்தையும், கம்பளியில் சுற்றிய குழந்தையும், அழுது முடித்த குழந்தையும் தொட்டால் சுடும். அடுப்படியில் வேலை செய்த கைக்கும், தண்ணீரில் நனைந்த கைக்கும் ஒரே உடம்பு வெவ்வேறாகத் தோன்றும். ஆகவே வீட்டிற்கு ஒரு வெப்பமானி இருப்பது நலம்.

பழைய கண்ணாடி வெப்பமானியில் பாதரசம் இருக்கும். அது உடைந்தால் பாதரசம் சிதறி நஞ்சாகும். இப்போது மருந்துக் கடைகளில் கிடைக்கும் எண் காட்டும் மின்கல வெப்பமானியே குழந்தைகளுக்கு ஏற்றது. அளக்கும் முறை எளிது. அக்குளின் வியர்வையைத் துணியால் துடைத்துவிட்டு, வெப்பமானியின் முனை சட்டையில் படாமல் தோலில் படும்படி வைத்து, குழந்தையின் கையை உடலோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒலி எழுந்த பிறகே எடுத்துப் பார்க்க வேண்டும்.

அக்குளில் 99.5 டிகிரி பாரன்ஹீட், அதாவது 37.5 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று கொள்ளலாம். 102 டிகிரியைத் தாண்டினால் கடுங்காய்ச்சல். அளந்ததை நேரத்தோடு ஒரு தாளில் குறித்து வைப்பது மிகுந்த பயன் தரும். எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி, எந்த மருந்து எவ்வளவு கொடுத்தோம், எத்தனை முறை சிறுநீர் போயிற்று என்னும் மூன்று குறிப்புகள் இருந்தால், டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது எனலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவது, நீர். காய்ச்சலில் மூச்சாலும் வியர்வையாலும் உடலின் நீர் மிகுதியாக வெளியேறுகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக் காய்ச்சி ஆற்றிய நீர், அரிசிக் கஞ்சி, இளநீர், நீர்மோர் முதலியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை புகட்டலாம். வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தால், சுகாதார நிலையத்தில் தரும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றினை முழுதாக ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். பொட்டலத்தில் பாதியைக் கரைப்பதும், அரை லிட்டரில் முழுதையும் கரைப்பதும் தவறு.

இரண்டாவது, உணவு. காய்ச்சலுக்குப் பட்டினியே மருந்து என்று நம் முன்னோர் சொல்வதுண்டு. வளர்ந்தவர் ஒரு வேளை உண்ணாதிருப்பதால் கெடுதல் இல்லாமல் இருக்கலாம். வளரும் குழந்தைக்கோ சேமிப்பு மிகக் குறைவு. காய்ச்சலில் செலவு அதிகம். ஒவ்வொரு காய்ச்சலின்போதும் பட்டினி கிடக்கும் குழந்தை எடை குறைந்து, அடுத்த நோய்க்கு எளிதில் இரையாகிவிடும். குழைந்த சோறு, பருப்பு, இட்லி, வாழைப்பழம் ஆகியவற்றைக் குழந்தை விரும்புமளவு கொடுக்க வேண்டும். வற்புறுத்தித் திணிக்க வேண்டுவதில்லை. நோய் நீங்கிய பின் இரண்டு வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை உணவு கூடுதலாகக் கொடுத்தால் இழந்த எடை திரும்பும்.

மூன்றாவது, காற்றும் உடையும். கதவு சன்னல்களை அடைத்து, தொப்பியும் கம்பளியும் போட்டு மூடிவைத்தால், வெளியேற வேண்டிய வெப்பம் உள்ளேயே நின்றுவிடும். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். குளிர் நடுக்கம் இருக்கும் சிறிது நேரம் மட்டும் மெல்லிய போர்வையால் போர்த்தி, நடுக்கம் நின்றதும் எடுத்துவிட வேண்டும்.

ஈரத் துணியால் துடைப்பதைப் பற்றியும் ஒரு சொல். இதனால் வெப்பம் சிறிது நேரமே தணியும். குழந்தை அதை விரும்பினால் வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைக்கலாம்; அழுதால் விட்டுவிடலாம். குளிர்ந்த நீரும் பனிக்கட்டியும் வேண்டவே வேண்டா. அவை தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி நடுக்கத்தை உண்டாக்குகின்றன. நடுக்கம் உள்வெப்பத்தை மேலும் ஏற்றுகிறது.

மருந்தும் அதன் அளவும்

காய்ச்சலைத் தணிக்கக் குழந்தைகளுக்கு வீட்டில் கொடுக்கத் தக்க மருந்து பாராசிட்டமால் ஒன்றே. அதுவும் எண்ணைக் குறைப்பதற்காக அன்று. குழந்தையின் உடல்வலியையும் சோர்வையும் குறைத்து, அது நீரும் உணவும் கொள்ளச் செய்வதற்காகவே. 101 டிகிரி இருந்தும் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் மருந்து கட்டாயமில்லை. தூங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்பவும் வேண்டா.

இங்கே நாம் மிகவும் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்து உண்டு. பூச்சிமருந்து வாங்கும் விவசாயி, மருந்தின் வீரியத்தைப் பார்த்தே தண்ணீரில் கலக்கும் அளவை முடிவு செய்கிறார். வீரியம் வேறாயின் அளவும் வேறு என்பது அவருக்குத் தெரியும். குழந்தையின் மருந்துப் புட்டியிலும் அதே கவனம் வேண்டும். பாராசிட்டமால் நம் நாட்டில் பல வீரியங்களில் விற்கப்படுகிறது. ஒரு வகையில் 5 மில்லி லிட்டருக்கு 125 மில்லி கிராம் மருந்து இருக்கும். மற்றொன்றில் அதே 5 மில்லி லிட்டருக்கு 250 மில்லி கிராம் இருக்கும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லி லிட்டரில் 100 மில்லி கிராம் இருக்கும்.

ஒரு வேளைக்குரிய அளவு, குழந்தையின் எடையில் கிலோ ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லி கிராம் வரை. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு மிகுதியாகப் போனால் 150 மில்லி கிராம். அதாவது முதல் வகையில் 6 மில்லி லிட்டர். இரண்டாம் வகையில் 3 மில்லி லிட்டர். சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி லிட்டர். முதல் வகையைக் கொடுத்துப் பழகிய தாய், கடையில் கிடைத்த சொட்டு மருந்தை அதே 6 மில்லி லிட்டர் கொடுத்துவிட்டால், குழந்தையின் உடலில் நான்கு மடங்கு மருந்து சேர்ந்துவிடும். இவ்வாறு மீண்டும் மீண்டும் கொடுத்தால் கல்லீரல் கெடும். ஆகவே புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் படித்துச் சொன்ன பிறகே மருந்தை அளக்க வேண்டும். வீட்டுக் கரண்டியால் அளவிடலாகாது. மருந்தோடு வரும் அளவு மூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்த வேண்டும். இரண்டு வேளைகளுக்கு இடையே ஆறு மணி நேரம் இருப்பது நலம். நான்கு மணி நேரத்திற்குக் குறையவே கூடாது. ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கொடுக்கலாகாது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு டாக்டரோ செவிலியரோ சொல்லாமல் இதனையும் கொடுத்தல் தகாது.

குழந்தையின் எடை தெரியாவிட்டால் அளவு எப்படித் தெரியும்? அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்து அட்டையில் குறிப்பதன் பயன் இங்கே விளங்கும்.

செய்யத் தகாதவை

பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுத்தல் தகாது. 500 மில்லி கிராம், 650 மில்லி கிராம் மாத்திரையைக் கண்ணளவாக உடைப்பதில் அளவு தவறும். ஆஸ்பிரின் குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கொடுக்கலாகாது. சில கிருமிக் காய்ச்சல்களில் அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் கொடிய நோய்க்கு இடம் தருகிறது. நிமசுலைடு என்னும் மருந்தைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுப்பதை 2011ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடைசெய்துவிட்டது.

முன்பு ஒருமுறை டாக்டர் எழுதிக்கொடுத்து மீந்துபோன கிருமிக்கொல்லி மருந்தை மறுமுறை காய்ச்சலுக்குக் கொடுத்தலும் தவறு. குழந்தைகளின் காய்ச்சல்களில் பெரும்பாலானவை வைரஸ் என்னும் நுண்கிருமிகளால் வருவன. கிருமிக்கொல்லி அவற்றைத் தொடுவதில்லை. ஊசி போட்டால்தான் குணமாகும் என்று டாக்டரை வற்புறுத்துவதும் வேண்டாத வழக்கமே.

இருமல் மருந்துகளைப் பற்றிய எச்சரிக்கையும் இங்கே சேர்க்கத் தக்கது. 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நஞ்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தனர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் கொடுக்கக் கூடாது என்று அவ்வாண்டில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. குழந்தைகளின் சாதாரண இருமல் மருந்தின்றியே தணியக் கூடியது.

பல் முளைப்பதால் காய்ச்சல் வருகிறது என்பது பரவலான நம்பிக்கை. பல் முளைக்கும்போது உடம்பு சற்றே வெதுவெதுப்பாகலாம், கடுங்காய்ச்சல் வராது. 'பல்லுக்காகத்தான்' என்று இருந்துவிட்டால் உள்ளிருக்கும் வேறு நோய் வளர்ந்துவிடும். திருஷ்டி கழிப்பதும் வேண்டுதல் செய்வதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் அவை முடியட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடலாகாது. வயிற்றில் சூடு போடுவது மட்டும் எக்காரணத்தாலும் நடைபெறக் கூடாத கொடுமை.

தடுப்பூசி போட்ட ஓரிரு நாட்களில் வரும் காய்ச்சல் தனி வகையானது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடும் ஊசிகளுக்குப் பின் சில குழந்தைகளுக்குச் சுரமும் தொடையில் வீக்கமும் காணும். செவிலியர் சொல்லும் அளவில் மருந்து கொடுத்தால் தணிந்துவிடும். இரண்டு நாட்களில் தணியாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இந்தக் காய்ச்சலுக்கு அஞ்சி அடுத்த ஊசியைத் தவிர்ப்பது, வரப்பை வெட்டிவிட்டு வெள்ளத்தை வரவேற்பதற்கு ஒப்பாகும்.

வலிப்பு வந்தால்

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவதுண்டு. பெற்றோர் உயிரே போனதுபோல் துடித்துப்போவார்கள். ஆனால் இவ்வலிப்பு பெரும்பாலும் ஐந்து நிமிடங்களுக்குள் தானாகவே நின்றுவிடும். குழந்தையின் அறிவு வளர்ச்சியைக் கெடுப்பதில்லை.

அந்தச் சில நிமிடங்களில் செய்ய வேண்டியவை இவை: குழந்தையைத் தரையில் பாயின் மேல் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், உடையைத் தளர்த்த வேண்டும், வாயில் வழியும் எச்சிலைத் துடைக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாயில் கரண்டி, விரல், தண்ணீர், மருந்து எதையும் நுழைக்கலாகாது. கையில் இரும்பைக் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. தானே நிற்கும் நேரத்தில் நின்றதை இரும்பு நிறுத்தியதாக எண்ணிக்கொள்கிறோம். கைகால்களை அழுத்திப் பிடிப்பதும் கூடாது. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். நின்றுவிட்டாலும் முதல் முறை வலிப்பு வந்த குழந்தையை அன்றே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். ஏனெனில் மூளைக்காய்ச்சலிலும் வலிப்பு வரும்.

காத்திருக்கக் கூடாத குறிகள்

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், இரவா பகலா என்று பாராமல் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்:

1. குழந்தை மூன்று மாதம் நிறையாதது. அதற்குக் காய்ச்சல், அல்லது உடம்பு வழக்கத்திற்கு மாறாகச் சில்லிட்டிருத்தல்.

2. பால் குடிக்கவோ நீர் அருந்தவோ முடியாமை, உட்கொண்டதையெல்லாம் வாந்தியெடுத்தல்.

3. வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், தாயின் முகத்தைப் பார்த்தும் அடையாளம் காணாத சோர்வு.

4. மூச்சு வேகமாதல். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதும் வயிற்றின் ஏற்ற இறக்கத்தை எண்ண வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியா இருக்கக்கூடும். மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவது இன்னும் ஆபத்தான குறி.

5. கழுத்து விறைத்தல், உச்சிக்குழி புடைத்தல், அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள், மூக்கிலோ ஈறிலோ மலத்திலோ இரத்தம்.

6. கண் குழிதல்; ஆறு மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் போகாமை; கைகால் சில்லிட்டு நிறம் மாறுதல்.

இவை எதுவுமில்லாவிட்டாலும், 104 டிகிரி வரை ஏறிய காய்ச்சலுக்கும், மூன்று நாட்களுக்கு மேல் நீடித்த காய்ச்சலுக்கும் டாக்டரை நாடியாக வேண்டும். சளியோ இருமலோ இன்றி ஒரு நாளுக்கு மேல் காயும் கைக்குழந்தைக்குச் சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கலாம். அதற்குச் சிறுநீர்ச் சோதனை வேண்டும். காடு கழனியில் புழங்கும் குடும்பங்களில் மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சல் புதர்களிலுள்ள மிகச் சிறிய பூச்சிகளின் கடியால் வருவது. தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் காணப்படுவது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு முதலிய மறைவிடங்களில் தீப்பட்டுக் கருகியதுபோன்ற சிறு புண் இருந்தால் டாக்டரிடம் அதனைக் காட்டுவது அவசியம். காலத்தில் கண்டுபிடித்தால் இதற்கு நல்ல மருந்து உண்டு.

காய்ச்சல் விட்ட நாள்

காய்ச்சல் விட்டதும் கவலையும் விட்டது என்று எண்ணுவது இயல்பு. டெங்குக் காய்ச்சலில் இவ்வெண்ணம் பெருந்தவறாகும். அந்நோயில் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் சமயமே மிக ஆபத்தான காலம். அப்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசியத் தொடங்கி, குழந்தை திடீரென அதிர்ச்சி நிலைக்குச் சென்றுவிடக்கூடும். உடம்பு சுடவில்லை, ஆனால் குழந்தை வயிற்றுவலியால் அழுகிறது, திரும்பத் திரும்ப வாந்தியெடுக்கிறது, துவண்டு கிடக்கிறது, கைகால் சில்லிட்டிருக்கிறது என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. ஊரில் டெங்கு நடமாடும் காலத்தில் பாராசிட்டமால் தவிர ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் முதலிய வலிமருந்துகளைக் கொடுப்பதும் கூடாது; அவை இரத்தக் கசிவை மிகுதிப்படுத்தும்.

ஆகவே காய்ச்சல் விட்ட பின்னும் இரண்டு நாட்கள் குழந்தையைக் கண்காணிக்க வேண்டும். நன்றாக உண்டு, விளையாடி, வழக்கம்போல் சிறுநீர் கழித்தால் மட்டுமே நோய் நீங்கிற்று என்று கொள்ளலாம்.

ஊர் செய்ய வேண்டியவை

தாய்க்குரிய கடமையைச் சொன்னோம்; இனி ஊருக்குரியதைப் பார்ப்போம்.

முதலாவது, நோய் வராமல் காப்பது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. வீட்டைச் சுற்றியுள்ள நல்ல நீரில் முட்டையிடுவது. முட்டை கொசுவாக ஏறத்தாழ 8 முதல் 10 நாட்கள் ஆகின்றன. ஆகவே வாரத்தில் ஒரு நாள் ஊர் முழுவதும் தொட்டி, குடம், ஆட்டுரல், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் யாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் கொசுவின் சந்ததி அறுபடும். வெறுமனே கொட்டினால் போதாது. பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் காய்ந்து கிடந்து, நீர் பட்டதும் பொரிக்கும். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலப்பதையும், கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லி கிராம் குளோரினேனும் இருக்கிறதா என்பதையும் உறுப்பினர்கள் நேரில் பார்க்க வேண்டும். டைபாய்டும் வயிற்றுப்போக்கும் தண்ணீர் வழியே வருவன அல்லவா?

இரண்டாவது, நோய் வந்தபோது வழி திறந்திருப்பது. 108 வண்டி தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது. ஆனால் சில குடியிருப்புகளுக்குள் அது நுழைய முடியாதபடி பாதை குறுகியோ சேறாகியோ இருக்கிறது. அத்தகைய இடங்களில் வண்டி எதுவரை வரும், அங்கு வரை குழந்தையை யார் கொண்டுசெல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைக்கலாம். இரவில் அழைத்தால் வரக்கூடிய வண்டிக்காரர்கள், செவிலியர், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றின் தொலைபேசி எண்களை அங்கன்வாடிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணும் உண்டு. மகளிர் சுய உதவிக் குழுக்கள் அவசரத்திற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்தால், நடு இரவில் கைமாற்றுக்கு அலைய வேண்டியதில்லை.

மூன்றாவதே முக்கியமானது. மேலே கண்ட ஆறு குறிகளில் ஒன்றைக் கண்டால், யாரையும் கேட்காமல் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படலாம் என்னும் அனுமதியை ஒவ்வொரு குடும்பத் தலைவரும் முன்னதாகவே கொடுத்து வைக்க வேண்டும். 'வீணாகச் செலவு செய்தாயே, சாதாரணக் காய்ச்சல்தானே' என்று பிறகு அவளைக் கடிந்துகொள்ளலாகாது. ஒருமுறை ஏச்சுக் கேட்ட தாய் மறுமுறை தயங்குவாள்; அந்தத் தயக்கம் எந்தக் காய்ச்சலில் நேரும் என்று யாரும் சொல்ல முடியாது. போய்வந்த செலவு ஒரு நாள் கூலி. போகாததன் நஷ்டத்துக்கு ஈடில்லை.

கிராமசபையிலும் மாதர் கூட்டத்திலும் விவாதிக்க

1. நம் ஊரில் வெப்பமானி உள்ள வீடுகள் எத்தனை? அங்கன்வாடியில் ஒன்று இருக்கிறதா?

2. வீட்டிலுள்ள பாராசிட்டமால் புட்டியின் வீரியம் என்ன? குழந்தையின் இம்மாத எடை என்ன? அதற்குரிய அளவு எத்தனை மில்லி லிட்டர்?

3. குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிக் காட்டத் தெரிந்தவர்கள் யார் யார்? செவிலியரைக் கொண்டு மற்றவர்களுக்குக் கற்பிக்க எந்த நாள் வசதி?

4. நள்ளிரவில் ஒரு குழந்தைக்கு வலிப்பு கண்டால், நம் தெருவிலிருந்து ஆஸ்பத்திரி சேர எவ்வளவு நேரமாகும்? அதைக் குறைக்கப் பஞ்சாயத்து செய்யக்கூடியது யாது?

5. நம் வீட்டில் அந்த அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா?

ஐந்தாவது வினாவிற்கு இன்றே விடை காண்பது ஒவ்வொரு வீட்டாலும் இயலும். அதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டுவதில்லை, அரசாணையும் வேண்டுவதில்லை.